மரித்தோர் பட்டியலில் ஒரு பெயர்

மரித்தோர் நாளான நவம்பர் இரண்டாம் திகதி பின்னேரம், எங்கள் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் மரித்தவர்களின் பெயர்களை வாசிப்பவள் நான். முப்பத்தொரு வருடமாக வாசிக்கிறேன். மட்டக்களப்பு வாவியோரத்தில் உள்ள எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் என்னைப்போல் தெளிவாக வாசிக்கிற ஆள் இல்லை என்று ஒரு காலத்தில் எனக்கு நினைப்பு. அந்த நினைப்பு எப்படி அடங்கியது என்பதும் இந்தக் கதைக்குள் வருகிறது. ஆனால் கதை என்னுடையதல்ல, மல்கம் அண்ணனுடையது.

நாங்கள் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர். எங்களில் அநேகம் பேர் கத்தோலிக்கர். மல்கம் அண்ணனின் குடும்பம் மட்டும் அங்கிலிக்கன் சபை. அவருடைய பாட்டனார் அந்தச் சபையின் பள்ளிக்கூடத்துக்குத் தச்சு வேலைக்குப் போய், பெஞ்சு செய்து கொடுத்து, கடைசியில் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பகிடி பண்ணுவார்கள். பேரன் அதற்கும் மேலே போய்ச் சபையின் குருவானவராகவே ஆகிவிட்டார். வாவிக் கரையில் இருந்த சின்ன அங்கிலிக்கன் கோயிலில் முப்பது வருடத்துக்கு மேல் ஊழியம் செய்தார். அவருடைய சனங்கள் அவரை 'ஐயா' என்றார்கள். வெள்ளக் காலத்தில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போகிற பாதை மூடிவிட்டால், வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு தோணியில் ஏறி, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவார். நீச்சல் தெரியாது. தோணிக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவருடைய மனைவி பிலிஸ் அக்கா கணக்கு ரீச்சர். அவர் வகுப்புக்குள் வந்தால் பிள்ளைகள் மட்டுமல்ல, பக்கத்து வகுப்பு ஆசிரியரும் எழுந்து நிற்பார் என்று சொல்வார்கள். கலியாணம் முடித்துப் பதினொரு வருடம் பிள்ளையில்லை. பிறகு ஷோன் பிறந்தான். ஒரே பிள்ளை. தாயின் உயரம், தகப்பனின் வாய். யாரைக் கண்டாலும் கதை கொடுத்துக்கொண்டே நிற்பான்.

ஷோன் நில அளவையாளர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தான். இரண்டாயிரத்து ஏழாம் வருடம் கதிரவெளிப் பக்கம் மீள்குடியேற்றக் காணிகள் அளக்கப் போனவன், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பினான். ஏறாவூரில் மின்ஹாஜ் என்பவரின் கடையில் பிளேன்ரீ குடித்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை. மோட்டார் சைக்கிளும் இல்லை. வயது இருபத்துமூன்று. யார் கொண்டுபோனது என்று கேட்டால் யுத்தம் நடந்த அந்த நாளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டினார்கள். அதுவும் கையால் காட்டவில்லை, கண்ணால் காட்டினார்கள்.

பிலிஸ் அக்கா வேலையை விட்டுவிட்டுத் தேடினார். ஏறாத அலுவலகம் இல்லை, போகாத முகாம் இல்லை. மல்கம் அண்ணனும் கூடப் போனார். வார நாட்களில் தேடுவார், ஞாயிறு வந்தால் பீடத்தில் நிற்பார். சபை மன்றாட்டுக்களைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதில் சனங்கள் அன்பாக ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள்: ஷோன் சுகமாய்த் தன் பெற்றோரிடம் திரும்பிவர வேண்டும் என்று. அதை ஒவ்வொரு ஞாயிறும் தகப்பனே தன் வாயால் வாசிக்க வேண்டும். ஐந்து வருடம் வாசித்தார். ஒரு ஞாயிறு அந்த வரியில் நின்றுவிட்டார். சனங்கள் காத்திருந்தார்கள். அவர் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த மன்றாட்டுக்குப் போனார். மூன்று மாதம் கழித்து ஊழியத்தை விட்டு விலகுவதாகவும் கத்தோலிக்க சபையில் சேரப்போவதாகவும் அறிவித்தார்.

ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. பொறுத்திருந்தால் மாலை போட்டு, படம் எடுத்து, கேக் வெட்டி அனுப்பியிருப்பார்கள். இப்படிப் போனதால் யாரும் வாசல்வரைகூட வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு வயோதிபர் மட்டும் போய் அவரிடம் நேராகக் கேட்டாராம்: கத்தோலிக்கர் உங்களைக் குருவானவராக எடுக்கமாட்டார்கள், உங்கள் குருத்துவம் குருத்துவமே இல்லை என்பார்கள், அப்படியென்றால் இவ்வளவு காலமும் எங்கள் கையில் நீங்கள் தந்தது என்ன? அந்த மனிதரின் நான்கு பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர் மல்கம் அண்ணன்தான்.

குருமனையைக் காலி பண்ணிவிட்டு இருவரும் பிலிஸ் அக்காவின் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி தாய் வழியாக அவருக்குச் சீதனமாய் வந்த வீடு. எங்கள் சேமக்காலைக்கு எதிரே, வாவி ஒடுங்கி உள்ளே வருகிற இடத்தில், மறுகரையில் இருக்கிறது.

வந்த கிழமையே மல்கம் அண்ணன் துணியும் கையுமாக என்னிடம் வந்தார். நான் தையல்காரி. அங்கிக்குள்ளேயே காலம் போனதால் அவரிடம் வெளியே போட நல்ல சேட்டு இரண்டுகூட இல்லை. கழுத்தை அளக்கும்போது, கொலர் சாதாரணமாக இருந்தால் போதும் என்றார். எனக்கு வாய் சும்மா இருக்காது. முப்பது வருடமாய் இருந்த இடத்தை இந்த வயதில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டுவிட்டேன். நாடாவை நான் கழுத்திலிருந்து எடுத்த பிறகுதான் சொன்னார்.

"எங்கட பக்கம் செத்தவங்களுக்காக நன்றி சொல்லுவம், ஜக்குலின். அவங்களுக்காகக் கேக்கிறல்ல. எனக்கு நன்றி சொல்ல ஒண்டும் இல்ல. கேக்கத்தான் இரிக்கு."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. ஷோன் இறந்துவிட்டான் என்று அவருடைய மனம் முடிவு கட்டிவிட்டது. சாட்சி இல்லை, சடலம் இல்லை, கடுதாசி இல்லை. இருந்தாலும் முடிவு கட்டிவிட்டது. எப்படிச் செத்தானோ, கடைசி நேரத்தில் என்ன நினைத்தானோ, பாவசங்கீர்த்தனம் இல்லாமல், கூட ஒருவரும் இல்லாமல் போன பிள்ளையின் ஆத்துமத்துக்காகத் தினமும் பூசையில் கேட்க வேண்டும். அதற்கு ஒரு இடம் வேண்டும். எங்கள் கோயிலில் அந்த இடம் இருக்கிறது. அவ்வளவுதான் காரணம். பெரிய பெரிய புத்தகக் காரணங்களை ஊர் சொல்லிக்கொண்டு திரிந்தது. அவர் மறுக்கவுமில்லை.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று உறுதிப்பூசுதல் பெற்றார். அதற்குப் பிறகு மூன்றாம் வரிசை வாங்கில், சுவரோரமாக, எல்லோரையும் போல இருந்தார். நான் வாசகம் வாசிக்கிற இடத்திலிருந்து அவரைப் பார்ப்பேன். குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது மல்கம் அண்ணனின் இரண்டு கைகளும் மடியிலிருந்து தாமாகக் கொஞ்சம் எழும்பும். பிறகு அவருக்கே தெரிந்து கீழே வைத்துக்கொள்வார். பார்க்கப் பொறுக்காது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பிலிஸ் அக்கா மாறவில்லை. தன் பழைய கோயிலுக்கே போனார், பழைய முதல் வாங்கிலேயே இருந்தார். ஞாயிறு காலையில் இருவரும் ஒன்றாகவே வீட்டிலிருந்து வெளிக்கிடுவார்கள். சந்தியில் அவர் இடப்பக்கம், இவர் வலப்பக்கம். எங்கள் பூசை முன்னதாக முடியும். மல்கம் அண்ணன் சந்தியில் வந்து குடையோடு காத்து நிற்பார்.

இவ்வளவு பெரிய காரியத்தை அந்த மனுஷி எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று எனக்கு அப்போது ஆச்சரியம். அவர் வேறொன்று நினைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். எங்கள் பக்கத்தில் இதற்கு மதம் கிடையாது. மாடு தொலைந்தாலும் தாலிக்கொடி தொலைந்தாலும் சைவக்காரரும் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரியோடு வந்து அந்தோனியார் முன்னால் நிற்பார்கள். தன் கணவர் வெட்கத்தையும் மானத்தையும் விட்டு அந்தப் பக்கம் போனது மகனைக் கேட்டு வாங்கத்தான் என்று பிலிஸ் அக்கா நம்பியிருந்தார். ஒவ்வொரு செவ்வாயும் அவரே மெழுகுதிரி வாங்கிக் கணவரின் கையில் கொடுத்து அனுப்பினார். மல்கம் அண்ணன் அதை வாங்கிக்கொண்டு வந்து கொளுத்தினார். இல்லை என்று சொல்லத் துணிவில்லை.

முதல் வருட நவம்பரில் அவர் என்னிடம் ஒரு சீட்டுத் தந்தார். தகப்பன் பெயர், தாய் பெயர், அதற்குக் கீழே ஷோன். "இதை வாசிக்க வேணா. பீடத்தில வெச்சாக் காணும்" என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் பட்டியலைக் கொப்பியில் எழுதும்போது என் பெரிய மூளை வேலை செய்தது. ஒரு குருவானவராக இருந்தவரின் பிள்ளை, அவனுடைய பெயரை வாசிக்காமல் விடுவதா? மனிதர் வெட்கப்படுகிறார், புது ஆள் என்று ஒதுங்குகிறார், நான் வாசித்தால் உள்ளுக்குள் சந்தோசப்படுவார் என்று நானே தீர்மானித்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

அன்று மழை விட்டு வெளித்திருந்தது. சேமக்காலை மதிலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தோம், அதன் வாய் வாவிப் பக்கம். முந்நூறுக்கு மேல் பெயர்கள். மல்கம் அண்ணனின் வரி வந்ததும் நான் குரலைக் கொஞ்சம் நிறுத்தி, மரியாதையாக, ஷோனின் முழுப் பெயரையும் வாசித்தேன். தண்ணீருக்கு மேலே சத்தம் எப்படிப் போகும் என்று வாவிக்கரையில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். நினைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மல்கம் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, மறுகரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பிலிஸ் அக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு பிலிஸ் அக்கா என் வீட்டுக்கு வந்தார். நான் மெஷினை நிறுத்தினேன். பின்னால் மல்கம் அண்ணன் வந்து வேலிப் படலைக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை.

"அந்தக் கொப்பிய எடு, ஜக்கி."

எடுத்தேன்.

"என்ட மகன்ட பேரை வெட்டு."

கையில் தையல் சோக்குத்தான் இருந்தது. பேனை தேடி எடுத்து வெட்டினேன். கணக்கு ரீச்சர் அல்லவா, சரியாக வெட்டினேனா என்று குனிந்து பார்த்தார். பிறகு, நேற்று எந்த ஒலிபெருக்கியில் அவனைச் சாகடித்தாயோ அதே ஒலிபெருக்கியில் அவன் சாகவில்லை என்று சொல்ல வேண்டும் என்றார். சொல்லிவிட்டுப் படலைப் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்தோனியாருக்கிட்ட அவனைக் கேக்கத்தான் போறீங்க எண்டு நினைச்சன். கையில மெழுகுதிரி தந்து விட்டன்."

"பிலிஸ், ஆறு வருஷமாச்சி."

"ஓம். உங்களுக்குக் களைச்சிப் போச்சி. எனக்குக் களைக்கல்ல."

மல்கம் அண்ணன் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிலிஸ் அக்கா இருவரையும் விட்டுவிட்டுத் தனியாக நடந்துபோனார்.

பங்குத்தந்தை டிலக்சன் அப்போதுதான் குருவாகி வந்த இளம் ஆள். விசயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். செத்தான் என்று சொல்லவும் அத்தாட்சி இல்லை, சாகவில்லை என்று சொல்லவும் அத்தாட்சி இல்லை. கடைசியில் ஒரு வரி எழுதித் தந்தார்: கடந்த இரண்டாம் திகதி வாசிக்கப்பட்ட பட்டியலில் ஒரு பெயர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டுவிட்டது, வருந்துகிறோம். ஞாயிறு பூசை முடிவில் அதை நான் வாசித்தேன். பிலிஸ் அக்கா தன் கோயிலுக்குப் போகாமல் எங்கள் மதிலுக்கு வெளியே தெருவில் நின்று கேட்டார். பிறகு கண்டபோது ஒன்றுதான் சொன்னார், பேரைச் சொல்லவில்லையே என்று. சொல்லியிருக்கலாம். செத்தவர்களோடு சேர்த்து வாசித்தபோது முழுப் பெயரும் வந்த வாய்க்கு, இல்லை என்று சொல்லும்போது பெயர் வராமல் போய்விட்டது. அதை நினைத்து இன்றும் எனக்கு வெட்கம்தான்.

அதற்குப் பிறகு பத்து வருடம் அவர்கள் அதே வீட்டில்தான் இருந்தார்கள். வீடு பிலிஸ் அக்காவுடையது, வெளியே போ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கணவருக்கு ரத்த அழுத்தக் குளிசை எடுத்துக் கொடுப்பார், மீனில் முள் எடுத்து வைப்பார், மின்சார பில் பற்றிப் பேசுவார். ஷோனைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அதற்கு முன் அந்த வீட்டில் அவனைத் தவிர வேறு பேச்சே இருக்கவில்லை. சந்திவரை ஒன்றாக நடப்பதும் நின்றுபோனது. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் கோயிலுக்கு ஒரு புது ஆள் வரத் தொடங்கினார். பிலிஸ் அக்கா. உள்ளே வருவார், சிலுவை அடையாளம் போடமாட்டார், முழந்தாளிடமாட்டார். அந்தோனியாருக்கு முன்னால் நேராக நின்று, கடைக்காரரிடம் கொடுத்து வைத்த பொருளைக் கேட்கிறவர் மாதிரிக் கேட்டுவிட்டுப் போவார். நீங்கள் கேட்கவில்லையென்றால் நான் கேட்கிறேன் என்று கணவரிடம் சொன்னாராம். மல்கம் அண்ணனும் தன் வழியை விடவில்லை. எனக்குச் சீட்டுத் தருவதை நிறுத்திவிட்டு நேரே பாதரிடம் கொடுத்தார். ஷோனுக்காகத் தனிப் பூசை நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரே பிள்ளைக்கு ஒரே கோயிலில் தாய் உயிருள்ளவனாகவும் தகப்பன் இறந்தவனாகவும் மன்றாடினார்கள். கடவுள் எதை எடுத்து எதை விட்டாரோ எனக்குத் தெரியாது.

போன வருடம் பங்குனியில் பிலிஸ் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். கடைசிக் கிழமையில் நான் போய் உடுப்பு மாற்றி உதவி செய்தேன். ஒரு காலை மல்கம் அண்ணன் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். பாதியில் அக்கா கரண்டியைத் தள்ளினார்.

"செவ்வாய்க்கிழமையில ஆரு போற?" என்று கேட்டார்.

என்னைக் கேட்டாரா அவரைக் கேட்டாரா தெரியவில்லை. நான் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மல்கம் அண்ணன் கஞ்சிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருடம் பொய் சொல்லாமல் இருந்த மனிதர், சாகிறவளிடமும் நான் போகிறேன் என்று பொய் சொல்லத் தெரியாமல் இருந்துவிட்டார். இரண்டு நாளில் அக்கா போய்ச் சேர்ந்தார்.

அங்கிலிக்கன் சேமக்காலையில் அடக்கம். மல்கம் அண்ணன் ஒரு காலத்தில் எத்தனையோ பேரை அடக்கிய இடம். புதிய குருவானவர் சடங்கு செய்தார், இவர் என்னோடு சனத்துக்குள் நின்றார். மண் போடுகிற நேரம் பழக்கத்தில் ஒரு அடி முன்னே வைத்தார். பிறகு நினைவு வந்து நின்றார். பழைய சபைச் சனங்கள் அதைக் கண்டார்கள். நாலு பிள்ளைகளின் தகப்பனான அந்த வயோதிபர் கைத்தடியோடு வந்து, ஐயா, நீங்க போடுங்க என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியின் மேல் மண் விழுந்தபோது மல்கம் அண்ணன் வாய்விட்டு அழுதார். ஷோன் காணாமல் போனபோதும் அவர் அப்படி அழுததை நான் காணவில்லை.

ஒக்டோபர் முடிவில் அவர் என் வீட்டுக்கு வந்தார். பத்து வருடத்துக்குப் பிறகு சீட்டை என் கையில் தந்தார். தகப்பன், தாய், பிலிஸ். மூன்று பெயர்கள். நான் கொப்பியைத் திறந்து எழுதினேன். எழுதி முடித்த பிறகும் அவர் போகாமல் இருந்தார். ஷோனின் பெயரைப் பாதரிடம் கொடுத்துவிட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்ல. இனி எழுதுறல்ல. பாதருக்கிட்டயும் சொல்லிட்டன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த ஒரு பெயரை எழுதுவதற்காகத்தானே பீடத்தை விட்டார், குருமனையை விட்டார், சனத்தை விட்டார், மனைவியின் பேச்சையும் இழந்தார். அவன் வருவான் என்று இப்போது நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினார்.

"நம்பிக்கை இல்ல, ஜக்குலின். அவ எனக்கும் சேத்துக் காத்துக்கொண்டு இரிந்தவ. அதாலதான் எனக்கு அவனைச் செத்தவன் எண்டு சொல்ல ஏலுமா இரிந்தது. இப்ப நானும் அப்பிடிச் சொன்னா, அவனைத் தேடுறதுக்கு உலகத்தில ஆரு இரிக்கா?"

அவர் போன பிறகு மெஷினில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

நவம்பர் இரண்டாம் திகதி பட்டியலை வாசித்தேன். மூன்று பெயர்களும் வந்தன. பிலிஸ் அக்காவின் பெயரை வாசித்து நிமிர்ந்தபோது மல்கம் அண்ணன் மதில் ஓரமாக வெளியே போய்க்கொண்டிருந்தார். கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பது இன்னும் தொடங்கவில்லை. எழுபத்தைந்து வயது மனிதர், மழை வேறு தூறத் தொடங்கியிருந்தது. வாசிக்கிற கொப்பியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் வாசலில் மறித்தேன். முடிய நின்று போகலாமே, நான் குடை பிடித்துக்கொண்டு வருகிறேனே என்றேன்.

"இல்ல, நான் போகணும்" என்றார். "வீடு பூட்டிக் கிடக்கு. ஆரும் வந்தாத் திரும்பிப் போயிருவாங்க."